பதிமூன்றில் ஏழாவது

சூலூரில் பேட்டரி வண்டிகளுக்கு வைத்தியம் பார்க்கும் கடைகள் மூன்று. இரண்டு கடைகளில் போர்டு பெரியது. மூன்றாவதில் கூட்டம் பெரியது. அந்த மூன்றாவது கடை ஜெசிந்தாவுடையது. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அதிகம் பேசமாட்டாள் என்பதைத் தவிர அவள்மேல் யாருக்கும் குறை இல்லை.

அவளிடம் பாடம் கேட்ட நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தொன்பது. உண்மையில் அவர் பாடம் கேட்க வரவில்லை. ஒரு வழக்கில் ஜெயிக்க வந்தார்.

லாரிக்கும் டிராக்டருக்கும் ஆசிட் பேட்டரி பார்த்து முப்பது வருடம் பழகிய கை அவருடையது. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள். அவர் வோல்ட் மீட்டர் வைத்திருப்பார். அந்த மீட்டர் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை கோயில் மேல்கூட இருந்ததா என்பது சந்தேகம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிவப்பு நிற பேட்டரி வண்டி ஒன்றைக் குட்டியானை மினிலாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். சீட்டில் எட்டு மாதத் தூசி.

"இது எம்பட புள்ள வண்டி அம்மணி. இதுல ஒரு கோளாறும் இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"கோளாறு இல்லைன்னா எதுக்குங்கண்ணா கொண்டாந்தீங்க?"

"நான் சொன்னா வீட்டுல நம்பறதில்லீங். வெளியாள் ஒருத்தர் சொல்லோணும்."

ஜெசிந்தா சீட்டைத் தூக்கி பேட்டரிப் பெட்டியை வெளியே எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். உள்ளே ஐம்பத்திரண்டு செல்கள். நான்கு நான்காகச் சேர்த்துக் கட்டிய பதிமூன்று குரூப். பதிமூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து நின்றால்தான் வண்டிக்கு வேண்டிய வோல்ட் கிடைக்கும்.

நாச்சிமுத்து காத்திருக்கவில்லை. மீட்டரை எடுத்து முதல் முனையிலும் கடைசி முனையிலும் வைத்தார். நாற்பத்தாறரை.

"பாத்தீங்ளா! எட்டு மாசம் ஷெட்டுல சும்மா நின்ன வண்டி. நாப்பத்தாறரை காட்டுது. அன்னிக்கும் நாப்பத்தேழு காட்டுச்சு. எப்பேர்ப்பட்ட பேட்டரி!"

"இன்னொரு தடவ பாருங்க. இந்தத் தடவ ஒவ்வொண்ணா."

"அதான் மொத்தம் தெரிஞ்சு போச்சுங்களே."

"மொத்தம் தெரிஞ்சுது."

வேண்டாவெறுப்பாக அவர் ஒவ்வொரு குரூப்பாக வைத்துக்கொண்டு போனார். ஜெசிந்தா ஒரு அட்டையில் எழுதினாள். மூன்று புள்ளி ஆறு எட்டு. மூன்று புள்ளி ஆறு ஒன்பது. மூன்று புள்ளி ஆறு எட்டு. ஆறு குரூப் வரைக்கும் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

ஏழாவதில் இரண்டு புள்ளி மூன்று.

மீட்டர் ஒயரின் முனையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இரண்டு புள்ளி மூன்று. மீதி ஆறும் நன்றாக இருந்தன. திரும்ப ஏழாவதுக்கே வந்தார். அது மாறவில்லை.

"இது மட்டும் ஏனுங் இப்படி?"

"ஏதாவது ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமாப் பின்தங்கும். மத்தது பன்னெண்டும் நல்லா இருக்கறதால வெளிய தெரியாது. வண்டி ஓடும்போது இதுதான் முதல்ல காலியாகும். காலியானா உள்ள காவலுக்கு இருக்கற சர்க்யூட் போர்டு மொத்த பேட்டரியவும் நிறுத்திரும். நிறுத்தலைன்னா இது செத்துரும்."

"மத்த பன்னெண்டுல சார்ஜ் இருந்தாலுமா?"

"இருந்தாலும்."

"வண்டி நடு ரோட்டுல நிக்குமா?"

"நிக்கும். கொஞ்ச நேரம் ஆறுனா வோல்ட் திரும்பத் தலை தூக்கும். ஸ்டாண்டு போட்டு முறுக்குனா சக்கரம் நல்லாச் சுத்தும். ஆள் ஏறி உக்காந்தா அம்பது அடி போகாது."

நாச்சிமுத்து பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அவ அதத்தானுங் சொன்னா" என்றார்.

*

அவருடைய கடைசி மகள் மேகலா, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். போக ஒன்பது, வர ஒன்பது.

போன வருடம் ஒரு நாள், "அப்பா, வண்டி நடுவுல நிக்குது" என்றாள். அவர் மீட்டர் வைத்துப் பார்த்தார். "ஃபுல்லா இருக்குது. நீ ஓட்டறது சரியில்ல" என்றார்.

பத்து நாள் கழித்து மறுபடி சொன்னாள். மறுபடி மீட்டர் வைத்தார். இந்த முறை அண்ணன்கள் இருவரும் சிரித்தார்கள்.

மூன்றாம் முறை அவள் முறையிடவில்லை. ஐந்தரைக்கு வரவேண்டியவள், ஏழே முக்காலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வீடு முழுக்க வாசலில் நின்றது. "மில்லுலருந்து மூணு கிலோமீட்டர்லயே நின்னு போச்சு" என்று மட்டும் சொன்னாள். நாச்சிமுத்து வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். மீட்டர் வைத்தார். நாற்பத்தேழு. முறுக்கினார். சக்கரம் பிரமாதமாகச் சுற்றியது.

"பாதி சார்ஜ் இருக்குது. சக்கரம் சுத்துது. நின்னு போச்சுங்கற. இத்தன நேரம் எங்க இருந்த? யார்கூட இருந்த?"

மூத்தவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேகலா அந்தச் சக்கரம் சுற்றி ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலையில் ஒரு பையோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கல். அம்மாவிடம் மட்டும் வாரம் ஒரு முறை பேசுவாள்.

வழியில் யார் விசாரித்தாலும், "எல்லாரும் சௌக்கியமுங்" என்றுதான் நாச்சிமுத்து சொல்லிவந்தார். மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மூன்று பேரப்பிள்ளைகள். கூட்டிப் பார்த்தால் சௌக்கியம்தான்.

ஸ்டூலில் உட்கார்ந்து இவ்வளவையும் சொல்லி முடித்தார். சொல்லி முடித்தபிறகும் அவருக்குள் இருந்த வக்கீல் எழுந்து நின்றார்.

"சரி, வண்டி நின்னது நெசம்னே வெச்சுக்கலாமுங். மில்லுலருந்து மூணாவது கிலோமீட்டர்ல நின்னுருக்குது. மிச்சம் ஆறு. நடந்தா ஒண்ணே கால் மணி நேரம். அவளுக்கு ரெண்டரை மணி நேரம் ஆயிருக்குது. அந்த ஒண்ணே கால் மணி நேரம் எங்கீங் போச்சு?"

ஜெசிந்தா பெட்டியை மூடினாள். வண்டிக்குள் வைத்துத் திருகினாள்.

"குட்டியானை போயிருச்சா?"

"வெளிய நிக்குதுங்."

"வண்டிய ஏத்திட்டுப் போங்க. அன்னிக்கு எங்க நின்னுச்சோ அங்க இறக்கிக்குங்க. வீடு வரைக்கும் தள்ளிட்டுப் போயிட்டு, அப்புறம் இங்க வாங்க."

*

அறுபது கிலோ வண்டி. சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருப்பதால் தள்ளத் தள்ளப் பின்னால் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. அரைக் கிலோமீட்டரில் நாச்சிமுத்துவுக்கு இடுப்பு கேள்வி கேட்க ஆரம்பித்தது.

நடுவில் ரயில்வே மேம்பாலம். காரில் போனால் அது மேடென்றே தெரியாது. அவர் ஏறுவார், நிற்பார், பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். பிடியை விட்டால் வண்டி பின்னால் போகும். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து எதையோ கத்திவிட்டுப் போனான். பைக்கில் வந்த ஒருத்தன் நிறுத்தி, "பெட்ரோல் இல்லீங்ளா?" என்று கேட்டான். பேட்டரி வண்டி என்று பார்த்ததும் சிரித்துவிட்டுப் போனான்.

பாலத்தின் உச்சியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அங்கிருந்து ஊர் தெரிந்தது. வீட்டுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர்.

பிற்பகல் மூன்று மணிக்கு, வண்டியை மறுபடி குட்டியானையில் ஏற்றிக்கொண்டு ஜெசிந்தாவின் கடைக்கு வந்தபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவள் ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"எவ்வளவு நேரமாச்சுங்கண்ணா?"

"ரெண்டே முக்கா. நாலு எடத்துல உக்காந்தேன். பாலத்து மேல மட்டும் அரை மணி நேரம்."

"யார்கூட?"

நாச்சிமுத்து சொம்பைக் கீழே வைத்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வருடம் கடை நடத்திய மனிதர், இரண்டு வாடிக்கையாளர்களுக்கு முன்னால், முகத்தை மறைக்கக்கூடத் தோன்றாமல் அழுதார்.

*

"எனக்கு இத கத்துக்குடுங்க அம்மணி" என்றார் மறுநாள்.

"ஏழாவத எழுப்புங்க. அதுதான் பாடம்."

அவள் ஏழாவது குரூப்புக்கு மட்டும் தனியாக இரண்டு ஒயர் இழுத்து, மேஜை மேல் இருந்த சார்ஜ் மெஷினில் மாட்டினாள். கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்பி ஆகக் கீழே வைத்தாள். மெஷினில் முள் அசைந்ததா இல்லையா என்பதே நாச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை.

"காலையில அரை மணி நேரம். அப்புறம் கழட்டிருங்க. நாளெல்லாம் தொடாம விட்டுட்டு, சாயங்காலம் இறங்கியிருக்குதான்னு மட்டும் பாருங்க."

"இவ்வளவு கம்மியாவா? எங்க ஆசிட் பேட்டரில படுத்தத எழுப்ப ஒரே போடு போடுவமுங். கொதிக்கக் கொதிக்க ஏத்துவோம். எந்திரிச்சு உக்காந்துக்கும்."

"இது அதில்ல."

"கூட்டுனா என்னாகும்?"

ஜெசிந்தா கையிலிருந்த வேலையை வைத்தாள்.

"கடை ஆரம்பிச்ச புதுசுல ஒருத்தர் வந்தாரு. அவசரம்னாரு. அவரு பேட்டரிலயும் ஒண்ணு இப்படித்தான் கிடந்துச்சு. அஞ்சு ஆம்பியர் வெச்சேன். மத்தியானத்துக்குள்ள நாலு வோல்ட் வந்துருச்சு. அவருக்கு அவ்வளவு சந்தோசம். எனக்கும்."

"அப்புறமுங்?"

"மறுநாள் காலையில ஒண்ணரை இருந்துச்சு. அவசரப்படுத்துனா வோல்ட்டக் காட்டும். வெச்சுக்காது."

"அப்புறம் அத என்ன பண்ணுனீங்க?"

"ரெண்டுக்குக் கீழ போனதத் திரும்ப ஏத்தக் கூடாது. தீப்பிடிக்கும். தூக்கிப் போட்டேன்."

நாச்சிமுத்து குமிழிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

தினமும் காலையில் வந்தார். அரை மணி நேரம் வைத்தார். கழற்றினார். அட்டையில் எழுதினார். புதன் சாயங்காலம் இரண்டு புள்ளி நான்கு. வியாழன் இரண்டு புள்ளி ஐந்து. வெள்ளி இரண்டு புள்ளி ஏழு. ஒவ்வொரு சாயங்காலமும் அது ஏறிய இடத்திலேயே நின்றது, இறங்கவில்லை. அவர் வாய்விட்டு அதனிடம் பேச ஆரம்பித்திருந்தார்.

"வந்துருமா அம்மணி?"

"வர்ற மாதிரிதான் இருக்குது. மூணு தொடட்டும். அப்புறம் பயமில்ல."

*

சனிக்கிழமை ஜெசிந்தா இரண்டு பேட்டரிகளை மாட்டிக் கொடுக்கப் பல்லடம் போனாள். கடையில் நாச்சிமுத்து மட்டும்.

காலையில் அரை மணி நேரம் வைத்தார். இரண்டு புள்ளி எட்டு. கழற்ற வேண்டிய நேரத்தில் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். மறுநாள் ஞாயிறு. ஞாயிறு ஒரு நாள்தான் மேகலாவுக்கு லீவு. இந்த ஞாயிறு விட்டால் இன்னும் ஏழு நாள்.

ஓடுகிற வண்டியோடு போய் நின்றால் என்ன? 'நீ சொன்னது சரி, பாரு, கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டேன்' என்று சொன்னால் என்ன? எட்டு மாதமாகிவிட்டது. இன்னும் எதற்கு ஒரு வாரம்?

குமிழைத் திருப்பினார். ஐந்தில் வைத்தார்.

அது அன்புதான் என்று அவர் நினைத்தார். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த அன்பில் பாதி, தான் பட்டுக்கொண்டிருக்கிற அவதி சீக்கிரம் முடிய வேண்டும் என்பது. அதை அவரிடம் எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

செல்களைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தன. ஏறுகிறது, அதனால்தான் சூடு என்று நினைத்துக்கொண்டார். இரண்டு மணிக்கு நாலு வோல்ட். அட்டையில் பெரிதாக நாலு என்று எழுதி வட்டம் போட்டார். பெட்டியை மூடி வண்டியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை குட்டியானை திருப்பூருக்குக் கிளம்பியது. பின்னால் சிவப்பு வண்டி. முன்னால் நாச்சிமுத்துவும் மூத்தவனும். சின்னவன் தன் பைக்கில். ஒரு கிலோ லட்டு.

ஹாஸ்டலுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். வார்டன் அம்மாள் உள்ளே போய்ச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மாடி வராந்தாவில் மேகலா வந்து நின்றாள். இளைத்திருந்தாள். கீழே வரவில்லை.

நாச்சிமுத்துவுக்கு என்ன பேசுவதென்று ஒரு வாரமாக மனப்பாடம். எல்லாம் மறந்துபோனது.

"சாமி! வண்டி சரியாயிருச்சு கண்ணு! ஏழாவதுலதான் கோளாறு. நீ சொன்னது நெசம். இப்பப் பாரு!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தார். முறுக்கினார். வண்டி பாய்ந்தது. அவர் மாடியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். டீக்கடை வரைக்கும் போனார்.

டீக்கடைக்கு முன்னால் வண்டி நின்றது.

சாவியைத் திருப்பித் திருப்பிப் போட்டார். லைட் எரிந்தது. முறுக்கினார். நாலு அடி நகர்ந்து மறுபடி நின்றது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைப் பிடித்தபடி பார்த்தார்கள். மூத்த மகன் ஓடிவந்து பின்னால் தள்ளினான். நாச்சிமுத்து இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஹாஸ்டல் வாசலுக்கு வந்து, ஸ்டாண்டு போட்டார். ஏன் என்று தெரியாமல் முறுக்கினார்.

சக்கரம் பிரமாதமாகச் சுற்றியது.

மேகலா மாடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் உயரவில்லை. ஆனால் கீழே கேட்டது.

"மீட்டர் கொண்டாந்திருக்கீங்ளாப்பா?"

அது அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. கை தானாகப் பைக்குப் போய் அங்கேயே நின்றது.

அவர் நிமிர்ந்து பார்த்தபோது வராந்தாவில் யாரும் இல்லை. லட்டுப் பெட்டியை வார்டன் அம்மாள் வாங்கிக்கொள்ளவில்லை.

*

திங்கட்கிழமை ஜெசிந்தா பெட்டியைத் திறந்தாள். அட்டையில் வட்டம் போட்ட நாலை ஏற்கெனவே பார்த்திருந்தாள். மீட்டரை அவரிடமே நீட்டினாள். அவர் வைத்துப் பார்த்தார். ஒன்று புள்ளி நான்கு.

"எவ்வளவு வெச்சீங்க?"

"அஞ்சு."

அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. ஏழாவது குரூப்பின் நான்கு செல்களையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். முனைகளில் டேப் ஒட்டினாள். கடை வாசலில் இருந்த மணல் வாளிக்குள் வைத்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியே விட்டிருந்தா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"வந்திருக்கும்னுதான் நெனைக்கறேன்."

"அதுக்கும் முன்னாடி... மொதல் தடவ அவ சொன்னப்பவே தொறந்து பாத்திருந்தா?"

"அன்னிக்கு அது கொஞ்சம்தான் பின்தங்கியிருக்கும். ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. பச்சை லைட் வந்ததும் சார்ஜரப் புடுங்காம ஒரு நாள் விட்டிருந்தாப் போதும். நிறைஞ்சதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் குடுத்துட்டு, இது வர வரைக்கும் காத்திருக்கும். போர்டு அதுக்குத்தான் இருக்குது."

"நாங்க பச்சை வந்ததுமே புடுங்கிருவமுங்."

"எல்லாரும் அதத்தான் பண்றாங்க."

நாச்சிமுத்து மணல் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சொம்பு பக்கத்திலேயே இருந்தது. எடுக்கவில்லை.

"வாளியில போட்ட பிறகு ஒண்ணும் பண்ண முடியாதுங்ளா?"

"செல்லுக்கு முடியாது."

"அப்ப நான் இனி என்னதானுங் பண்றது?"

ஜெசிந்தா உள்ளே போய் வேறொருவருடைய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் நாலாவது குரூப் தாழ்ந்து கிடந்தது. ஒயர் மாட்டினாள். குமிழை ஆகக் கீழே வைத்தாள். அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"பாத்துட்டே உக்காந்திருங்க. கை மட்டும் மடியிலேயே இருக்கட்டும்."

அவர் உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்தார். நாலாவது குரூப் எட்டு நாளில் மூன்றைத் தொட்டது. ஒருமுறைகூட அவர் குமிழைத் தொடவில்லை. சிவப்பு வண்டிக்கு, மற்ற பன்னிரண்டின் வயதுக்குப் பொருத்தமான நான்கு பழைய செல்களை ஜெசிந்தா தேடிப் பிடித்து மாட்டினாள். வண்டி ஓடியது. யாரிடமும் அதை அவர் காட்டவில்லை.

*

அடுத்த வியாழக்கிழமை அவர் கடைக்கு வரத் தாமதமாயிற்று. வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"அவ அம்மாகிட்ட நம்பர் வாங்கி, நானே போன் பண்ணுனனுங்."

ஜெசிந்தா ஒரு குரூப்பை அளந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எடுத்தாளா?"

"எடுத்தா. 'வண்டி நின்னது நெசந்தான் சாமி. பாலத்துல தள்ளிப் பாத்தேன். நான் கேட்டது தப்பு'ன்னு சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. உடனே கட் பண்ணலீங். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தா. அப்புறம் வெச்சுட்டா."

"எவ்வளவு நேரம்?"

நாச்சிமுத்து போனை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"முப்பத்தொரு செகண்டு. அரை நிமிசம்."

எட்டு மாதம் கழித்து வந்த அரை நிமிடம்.

"நாளான்னிக்கு விட்டு ஞாயித்துக்கெழம அம்மணி. அவளுக்கு லீவு. வண்டியெல்லாம் வேண்டாம், லட்டு வேண்டாம், பசங்க வேண்டாம். நான் மட்டும் பஸ்ஸுல போயி, அந்த வாசல்ல நின்னு, காலுல விழுந்துட்டு வந்தர்ட்டுங்ளா?"

ஜெசிந்தா மீட்டரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நாளைக்கும் போன்ல அரை நிமிசம்தான்" என்றாள். "கூட்டிராதீங்கண்ணா."